மொன்றியல் வாக்கெடுப்பும் சின்னம்மாவின் பத்தொன்பதாவது பிறந்தநாளும்

லிட்கம்மில் வளர்ந்தவர்களும் ஸ்பிரிங்வேலில் வளர்ந்தவர்களும் ஓரிடத்தில் சேர்ந்தால் கொஞ்ச நேரத்திலேயே ஒரே கதைக்கு வந்துவிடுகிறோம். பத்து வயதில் அம்மாவோடு டொக்டரிடம் போய், ஒரு பிள்ளை கேட்கக்கூடாததையெல்லாம் கேட்டு, அதைத் தமிழில் சொல்லத் தெரியாமல் முழித்த கதை. அப்பாவோடு வங்கிக்குப் போய் மனேஜருக்கு முன்னால் பெரிய மனிசர் மாதிரி இருந்த கதை. பள்ளிக்கூட ரிப்போட்டை நாமே வாசித்து, ஆசிரியர் சொல்லாத புகழையும் சேர்த்துச் சொன்ன கதை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். நானும் சேர்ந்து சிரிப்பேன். என் முறை வரும்போது மட்டும் தேத்தண்ணீர் போடுகிறேன் என்று குசினிக்குள் போய்விடுவேன்.

நான் வளர்ந்தது இங்கே அவுஸ்திரேலியாவில் இல்லை, கனடாவில், மொன்றியலில். நான் மொழிபெயர்த்ததும் ஆங்கிலம் அல்ல, பிரெஞ்சு. கலியாணம் முடித்து நார்த்மீட்டுக்கு வந்த பிறகு அதைப் பேச ஆளில்லாமல் முக்கால்வாசி மறந்துபோயிற்று. மறக்காத பகுதி ஒன்று இருக்கிறது. ஒரு தொலைபேசிப் பேச்சு, மூன்று நிமிடம் வராது. மருந்துப் போத்தலில் இருப்பதை வாசிக்க எனக்கும் இப்போது கண்ணாடி வேண்டியிருக்கிறது. இன்னும் தள்ளிப்போட்டால் சொல்லாமலே போய்விடுவேன் என்று பயம் வந்துவிட்டது.

அது 1995. எனக்குப் பன்னிரண்டு வயது. கனடாவில் எல்லா இடமும் ஆங்கிலம் என்றால் கியூபெக் மாகாணத்தில் பிரெஞ்சு. பிரெஞ்சுக்காரர் தங்களுக்கென்று தனிநாடு வேண்டும் என்று பல காலமாகக் கேட்டு, அந்த ஒக்டோபர் முப்பதாம் திகதி வாக்கெடுப்பு என்று முடிவாகியிருந்தது. ஓம் அல்லது இல்லை, அவ்வளவுதான் கேள்வி. எங்கள் தெருவில் பல்கனிகளில் பிரசாரம் எழுதிய நீல மட்டைகளும் சிவப்பு மட்டைகளும் தொங்கின. நீலம் ஓம், சிவப்பு இல்லை. நாங்கள் ஒன்றும் தொங்கவிடவில்லை. தனிநாடு கேட்டு வந்த சண்டையிலிருந்து தப்பி ஓடிவந்தவர்கள் நாங்கள். ஏழு வருடம் கழித்து இன்னொருவர் தனிநாடு கேட்கும் தெருவில் வாடகைக்கு இருந்தோம்.

அப்பா ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். அம்மா தையல் தொழிற்சாலையில் கோட்டுகளுக்குக் கை வைத்துத் தைத்தாள். இரண்டு பேருக்கும் அந்த வருடம் சித்திரையில்தான் குடியுரிமை கிடைத்தது. கிடைத்த அன்றே அம்மா ஒரு வேலையை மனதில் எடுத்துவிட்டாள். அது சின்னம்மாவைக் கனடாவுக்குக் கூப்பிடும் வேலை.

சின்னம்மா என்றால் அம்மாவின் ஒரே தங்கை. யாழ்ப்பாணத்தில் தகப்பனும் தாயும் செத்துப்போய், உறவுக்கார மாமி ஒருவரின் வீட்டில் இருந்தாள். பெற்றோரை இழந்த, கலியாணமாகாத, பத்தொன்பது வயது நிரம்பாத தம்பி தங்கையைக் கூப்பிடலாம் என்று சட்டம் இருந்தது. பத்தொன்பது நிரம்பிவிட்டால் கதவு சாத்தியதுதான். சின்னம்மாவுக்கு நவம்பர் மூன்றாம் திகதி பத்தொன்பது நிரம்புகிறது. எங்கள் வீட்டில் எல்லாக் கதையும் அந்தத் திகதியில் வந்து முடிந்தது. அம்மா கலண்டரில் அதைச் சுற்றி வட்டம் போடவில்லை, போட்டால் கண்பட்டுவிடும் என்று. எங்கே இருக்கிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எனக்குச் சின்னம்மாவைப் பற்றி இருந்த ஞாபகம் ஒன்றே ஒன்று. நாங்கள் ஊரைவிட்டு வரும்போது எனக்கு ஐந்து வயது, அவளுக்குப் பதினொன்று. காட்டாமணக்குத் தண்டை ஒடித்து, வடியும் பாலை ஊதிக் குமிழி விடுவாள். எனக்கும் ஊதப் பழக்கினாள். எனக்கு வரவில்லை, பால் வாய்க்குள் போய்க் கசந்தது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். முகம் ஞாபகமில்லை, சிரிப்பு ஞாபகமிருக்கிறது.

அம்மா ஆவணியிலேயே என் அறையில் பாதியைக் காலி செய்துவிட்டாள். அலுமாரியில் இடப்பக்கம் சின்னம்மாவுக்கு. கட்டிலில் சுவர்ப்பக்கம் சின்னம்மாவுக்கு. இடப்பக்கத்தில் முதலாவதாகத் தொங்கியது ஒரு மரூன் நிறக் கம்பளிக் கோட்டு. அம்மாவின் தொழிற்சாலையில் தையல் பிசகிய கோட்டுகளைத் தொழிலாளருக்கே மலிவாகக் கொடுப்பார்கள். பிசகைப் பிரித்துத் திரும்பத் தைத்துக் கொண்டுவந்து மாட்டினாள். அளவு குத்துமதிப்பு. எனக்கு அந்த வருடம் புதுக் கோட்டு இல்லை, போன வருடத்துக் கோட்டுக் கையை நீட்டித் தந்தாள். இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு விளங்கும்.

அப்பாவுக்கு வந்தது வேறு வருத்தம். நாடு ஒன்று பிரிகிறது என்றால் அவருக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். புரட்டாசி முழுக்க அரிசி மூட்டையும் மெழுகுதிரியும் பற்றரியும் வந்து இறங்கிக்கொண்டே இருந்தன. குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டு, வாளியில் அள்ளிக் குளிக்கச் சொன்னார். கீழ்வீட்டில் இருந்த பிரெஞ்சுக்கார மதாம்தான் எங்கள் வீட்டுச் சொந்தக்காரி. ஒரு நாள் அவளுடைய நிலக்கீழ் அறையைப் போய்ப் பார்த்து, சுவரைத் தட்டிப் பார்த்து, "நல்ல பங்கர். மதாமிட்டைச் சொல்லு பிள்ளை, ரெண்டு வீட்டுச் சனத்துக்கும் காணும் எண்டு," என்றார். நான் சொன்னேன். மதாம் அங்கே வருடா வருடம் தக்காளிப்பழம் போத்தலில் போட்டு அடுக்குவாள். அவள் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று விழுந்தது. அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கு அவரைப் பார்க்க வெட்கமாக இருந்தது, அந்த வயதில் அப்பாவைப் பற்றி வந்ததெல்லாம் வெட்கம்தான்.

அப்படிப்பட்ட மனிதருக்குச் சின்னம்மாவின் விண்ணப்பம் ஒரு பெரிய சிக்கலாகத் தெரிந்தது. கியூபெக்கில் இருப்பவர் ஆளைக் கூப்பிடுவதென்றால் கனடாவுக்கும் கையெழுத்து வைக்க வேண்டும், மாகாணத்துக்கும் வைக்க வேண்டும். ஒக்டோபர் முப்பதில் மாகாணமே நாடாகிவிட்டால்? கனடாவின் பேரில் போட்ட பேப்பரைப் புதுநாடு கிழித்துப்போட்டால்? ஒருமுறை நிராகரித்தால் திரும்பப் போட இயலாதாமே? மூன்று கேள்வியையும் கலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினார். புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவருக்கு வேலை இல்லாத நாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வீட்டு நடையில் இருந்த தொலைபேசிக்கு முன்னால் என்னை நிறுத்தினார்.

"பிள்ளை, வடிவாக் கேள். நாடு பிரிஞ்சால் இந்தப் பேப்பர் செல்லுமோ எண்டு."

குடிவரவுக் கந்தோரில் ஒரு பெண் எடுத்தாள். நல்ல பெண். பிள்ளை பேசுகிறது என்று கண்டதும் ஆறுதலாகப் பேசினாள். அப்பா எனக்குப் பக்கத்தில், மூச்சுப் படும் தூரத்தில், தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். யன்னலுக்கு வெளியே தெருவில் என் வகுப்புப் பிள்ளைகள் கயிறடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மேலே பார்த்துக் கையைக் காட்டினாள்.

அந்தப் பெண் சொன்னது இது. பிரிந்தால் என்ன நடக்கும் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல். எல்லாப் பேப்பரும் இல்லாவிட்டாலும் இருக்கிறதை இந்தக் கிழமையே அனுப்பட்டும். விண்ணப்பம் எங்களிடம் வந்து சேரும் திகதிதான் வயதுக்குக் கணக்கு. மிச்சத்தைப் பிறகு அனுப்பலாம். விளங்கியதா, அப்பாவிடம் அப்படியே சொல்வாயா?

விளங்கியது என்றேன். எல்லாமே விளங்கியது, ஒரு சொல் விடாமல்.

தொலைபேசியை வைத்தேன். அப்பா, "என்னவாம்?" என்றார்.

"பிரிஞ்சால் என்ன நடக்குமெண்டு ஒருத்தருக்கும் தெரியாதாம்."

"வேற ஒண்டும் சொல்லேல்லையோ? கனநேரம் கதைச்சவ."

"அவ்வளவுதான் அப்பா."

இரும்புப் படியில் தடதடவென்று இறங்கி ஓடிவிட்டேன்.

அலுப்பில் செய்தேன் என்றுதான் முப்பது வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கயிறடிக்கப் போகும் அவசரம், அப்பாவின் மூச்சு, கேள்விக்கு மேல் கேள்வி. எல்லாம் உண்மைதான். ஆனால் அலுமாரியின் இடப்பக்கமும் உண்மை, அந்த மரூன் கோட்டும் உண்மை. எது எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்க எனக்குத் தராசு கிடைக்கவில்லை.

அன்று பின்னேரம் அம்மா வேலையால் வந்ததும் அப்பா சொன்னார். "பாத்தியே, கந்தோர்க்காரருக்கே தெரியாது. பிள்ளையைக் கேட்டுப் பார். வாக்கெடுப்பு முடியட்டும். எந்த நாடு எண்டு தெரிஞ்சாப் பிறகு அந்த நாட்டின்ர பேரில போடுவம்."

"இஞ்சேருங்கோ, அவளுக்கு மூண்டாம் திகதி முடியுது."

"வாக்கெடுப்பு முப்பதாம் திகதி. இடையில நாலு நாள் கிடக்கு. நாலு நாள் காணும். கையில குடுக்கப் போறன், தபாலில இல்லை."

அம்மா என்னைப் பார்த்தாள். "உண்மையே பிள்ளை? அப்பிடித்தான் சொன்னவையோ?"

"ஓம் அம்மா," என்றேன். சொன்னதில் பொய் இல்லை என்று எனக்குள் ஒரு நியாயமும் வைத்திருந்தேன். பிள்ளைகள் சட்டத்தரணிகளை விட மோசம்.

சரி செய்ய இன்னொரு வாய்ப்பும் வந்தது. கீழ்வீட்டு மதாமின் பல்கனியில்தான் தெருவிலேயே பெரிய நீல மட்டை. பதினைந்து வருடத்துக்கு முன் இதே மாதிரி ஒரு வாக்கெடுப்பு நடந்து தோற்றபோது அவளும் புருஷனும் சேர்ந்து அழுதார்களாம். புருஷன் இப்போது இல்லை. "அவருக்காகவும் சேர்த்துப் போடுவேன்," என்பாள். எங்கள் விண்ணப்பக் கதை அவள் காதுக்குப் போனதும், ஐப்பசி தொடக்கத்தில், படியேறி மேலே வந்தாள். அப்பா கதிரையை இழுத்துப் போட்டார். அவள் இருக்கவில்லை.

"முசியே, நாளைக்கே போவோம். நானும் உங்களோடு வருகிறேன். நாங்கள் நாடு கேட்கிறோம், யாருடைய பேப்பரையும் கிழிக்கக் கேட்கவில்லை. ஒரு பெண்பிள்ளையை அந்தச் சண்டைக்குள் விட்டுவிட்டு ஏன் காத்திருக்கிறீர்கள்?"

அதை நான் ஒழுங்காகச் சொன்னேன். அப்பா அவளுக்குத் தலையாட்டி, மெர்சி மெர்சி என்று வழியனுப்பிவிட்டு, கதவைச் சாத்தியதும் அம்மாவிடம், "அவை அப்பிடித்தான் சொல்லுவினம். எங்கட ஆக்களும் அப்பிடித்தானே சொன்னவை. ஒருத்தருக்கும் ஒண்டும் வராது எண்டு," என்றார்.

அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். கந்தோர்ப் பெண்ணும் இதைத்தான் சொன்னாள் என்று ஒரு வசனம். ஆனால் அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே. மூன்று கிழமைப் பழைய பொய்யைத் திறப்பது பன்னிரண்டு வயதுக்குப் பெரிய வேலை. நான் வீட்டுப்பாடக் கொப்பியை விரித்துக்கொண்டு குனிந்துவிட்டேன்.

இப்போது யோசித்தால் அப்பாவில் பிழை சொல்லவும் கஷ்டமாக இருக்கிறது. ஒரு நாடு திங்கட்கிழமை வாக்குப் போட்டுவிட்டுச் செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகும் என்று அவரால் நம்ப முடியவில்லை. மெழுகுதிரி வாங்கிய கையால் விண்ணப்பத்தை அனுப்பியிருக்கலாம்தான். அவருக்குத் தெரிந்த ஒரே பிரிவினையை வைத்து இந்தப் பிரிவினையை அளந்தார். அதற்கு மேல் அளக்க அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை, நான் மறைத்த அந்த வசனத்தைத் தவிர.

முப்பதாம் திகதி வந்தது. வாக்குச்சாவடி என் பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மண்டபம். அப்பா வெள்ளைச் சேட்டும் கலியாணவீடுகளுக்குப் போடும் காற்சட்டையும் போட்டிருந்தார். அம்மா வேலைக்கு ஒன்றரை மணித்தியாலம் பிந்திப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். நானும் கூடப் போனேன், வரிசையில் ஏதும் கேட்டால் சொல்ல. காலை குளிராக இருந்தது. வரிசை தெருமுனை வரை நின்றது. யாரும் யாரையும் தள்ளவில்லை. நீலக்காரரும் சிவப்புக்காரரும் ஒரே போத்தலில் கோப்பி ஊற்றிக் குடித்தார்கள். ஒரு பொலிஸ்காரர்கூட இல்லை. அப்பா அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். "ஒரு பொலிசும் இல்லை, பாத்தியே?"

போட்டுவிட்டு வரும் வழியில் அம்மா சொன்னாள், "நான் இல்லை எண்டு போட்டனான். இன்னொரு எல்லை எனக்கு வேண்டாம்."

அப்பா கொஞ்ச தூரம் முன்னால் நடந்தார். பிறகு, "நான் ஓம் எண்டு போட்டனான்," என்றார்.

அம்மா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "ஓம் எண்டோ? அப்ப ஏன் பேப்பர் போடப் பயந்தனீங்கள்?"

"பயம் வேற. இது வேற." அப்பா பள்ளிக்கூடப் பக்கம் திரும்பிக் காட்டினார். "எங்களிட்டை ஒருத்தரும் இப்பிடிக் கேக்கேல்லையே. ஒரு பென்சிலைத் தந்து, ஒரு மறைப்புக்குள்ள விட்டு, உனக்கு வேணுமோ வேண்டாமோ எண்டு. கேக்கிறவைக்கு இல்லை எண்டு எழுத எனக்குக் கை வரேல்லை."

நான் நித்திரைக்குப் போகும்போது ஓம் முன்னுக்கு நின்றது. விடிய எழும்பியபோது இல்லை வென்றிருந்தது, ஒரு நூலிழையில். ஓம் பக்கத்துத் தலைவர் தொலைக்காட்சியில் வந்து, பணமும் வெளியிலிருந்து வந்த இனத்தவரின் வாக்கும்தான் தங்களைத் தோற்கடித்தன என்று சொல்லியிருந்தார். அப்பா அதை விளங்கிக்கொண்டார், அதற்கு நான் தேவைப்படவில்லை.

நாங்கள் படியிறங்கியபோது மதாம் பல்கனியில் நீல மட்டையின் கம்பியைக் குறட்டால் வெட்டிக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. அப்பா நின்றார். "சொல்லு பிள்ளை. நான் ஓம் எண்டுதான் போட்டனான் எண்டு சொல்லு."

சொன்னேன், ஒரு எழுத்துக் குறையாமல். மதாம் அப்பாவைப் பார்த்து, கோபமில்லாமல், "பரவாயில்லை முசியே. இன்றைக்கு இந்தத் தெருவில் எல்லோரும் எனக்கு அப்படித்தான் சொல்கிறார்கள்," என்றாள்.

அதையும் அப்பாவுக்குச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

அன்று பின்னேரம் அடுத்த செய்தி வந்தது. அப்பாவோடு வேலை செய்யும் ஊர்க்காரர் தொலைபேசியில் சொன்னார். யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க வெளிக்கிட்டுவிட்டது. ஆமி நெருங்கிவிட்டது, எல்லோரும் வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்ல, கொட்டும் மழையில் கால் வைக்க இடமில்லாமல் நாவற்குழிப் பாலத்தைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். அம்மா நேரத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். நாங்கள் பள்ளிக்கூட வாசலில் வரிசையில் நின்ற காலை அங்கே அந்தியாக இருந்தது. எங்கள் வரிசையில் ஆட்கள் கோப்பி குடித்த நேரம் சின்னம்மா அந்தப் பாலத்தை நோக்கி வெளிக்கிட்டிருப்பாள்.

புதன்கிழமை அப்பா என்னைப் பள்ளிக்கூடம் போகவிடாமல் மறித்து, பிஸ்கட் டின்னில் இருந்த பேப்பர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கந்தோருக்குப் போனார். மாகாணத்தின் கந்தோரில் சந்திப்புக்கு நாள் எடுத்தால்தான் வாங்குவார்களாம். மூன்று கிழமை கழித்து நாள் தந்தார்கள். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் பேப்பர்களைப் புரட்டிப் பார்த்து, பிறந்த திகதியில் விரலை வைத்து, என்னிடம் கேட்டார். "இதெல்லாம் புரட்டாசியிலேயே உங்களிடம் இருந்ததே. அப்போதே தபாலில் போட்டிருந்தால் போதுமே. உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?"

"என்னவாம் பிள்ளை?" என்றார் அப்பா.

"நேரம் பிந்திட்டுதாம்," என்றேன்.

வெள்ளிக்கிழமை சின்னம்மாவுக்குப் பத்தொன்பது நிரம்பியது. அம்மா பால்புக்கை செய்து சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தாள். ஒருவரும் சாப்பிடவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது மதாமின் பல்கனியில் கம்பி மட்டும் தொங்கியது.

தை மாதம் சின்னம்மாவின் கடிதம் வந்தது, வன்னியிலிருந்து, ஆரோ ஒருவர் கையில் கொழும்பு வந்து அங்கிருந்து. கொப்பித் தாள், மழையில் நனைந்து காய்ந்த நீல எழுத்து. ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் எட்டுக் குடும்பத்தோடு இருக்கிறாள். "அக்கா, பேப்பர் அலுவல் என்ன மாதிரி? நீ அனுப்புவாய் என்று மாமிக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். சண்டைக்கு வெளியே, வவுனியாப் பக்கம் தங்களோடு வரச் சிலர் கேட்டார்கள், பேப்பர் வந்த பிறகு வருவோம் என்று நிற்கிறேன். அவசரப்பட வேண்டாம்." அம்மா அதைக் குசினியில் நின்றபடியே வாசித்தாள். பதில் எழுதினாள். என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது.

அந்தப் பதில் போய்ச் சேரவில்லை என்றுதான் நினைக்கிறேன். பங்குனியில், படியில் இருந்த பனி கரைந்து சொட்டிக்கொண்டிருந்த நாளில், மாமியின் கடிதம் வந்தது. சின்னம்மாவுக்கு மலேரியா. நாலு நாள் காய்ச்சல். மருந்து கிடைக்கவில்லை. மாசி நடுப்பகுதியிலேயே எல்லாம் முடிந்திருந்தது.

விண்ணப்பம் போட்டிருந்தால் அவள் வந்திருப்பாள் என்று ஒருவரும் உறுதி சொல்ல முடியாது. வவுனியாவுக்குப் போயிருந்தாலும் வேறு ஏதும் நடந்திருக்கலாம். இதையெல்லாம் நான் எனக்குப் பலமுறை சொல்லியாயிற்று. ஆனால் பேப்பர் வரும் என்றுதான் அவள் அங்கே நின்றாள். அதை அவளே எழுதியிருந்தாள்.

அம்மா ஒப்பாரி வைக்கவில்லை, அப்பாவைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அன்றிலிருந்து அவள் அப்பாவிடம் நேரே பேசுவதை நிறுத்திவிட்டாள். "அப்பாட்டைச் சொல்லு, சாப்பாடு மேசையில எண்டு." "அப்பாட்டைக் கேள், வாடகை குடுத்தாச்சோ எண்டு." மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருப்போம். நான் அப்பா பக்கம் திரும்பி அதே தமிழைத் திரும்பச் சொல்வேன். அப்பா எனக்குப் பதில் சொல்வார், நான் அம்மாவுக்குச் சொல்வேன். முதலில் கொஞ்ச நாளைக்கு என்றுதான் நினைத்தேன். அது இருபத்தெட்டு வருடம் போயிற்று.

அடுத்த கோடையில் ரொறன்ரோவுக்கு மாறினோம். மதாம் வந்து சாமான் ஏற்ற உதவினாள், தக்காளிப் போத்தல் இரண்டு தந்தாள். மரூன் கோட்டை அம்மா எடுக்கவில்லை. எனக்கு அது அளவாக வந்துவிடும் என்று அம்மாவுக்கும் எனக்கும் தெரியும், ஒருவரும் சொல்லவில்லை. அலுமாரியின் இடப்பக்கத்தில் அதைத் தொங்கவிட்டபடியே கதவைச் சாத்திவிட்டு வந்தோம்.

நான் கலியாணமாகி இங்கே வந்து சில வருடத்தில் அம்மாவையும் அப்பாவையும் கூப்பிட்டுக்கொண்டேன். அந்த விண்ணப்பத்தை நானே நிரப்பினேன், திகதிக்கு ஐந்து மாதம் முந்தி அனுப்பினேன். நார்த்மீட் வீட்டிலும் அதே வழக்கம்தான். என் பிள்ளைகள் அதை எல்லா வீட்டிலும் நடப்பது என்று நினைத்தே வளர்ந்தார்கள். என்னோடு அவர்களும் தூது போகப் பழகிக்கொண்டார்கள், "தாத்தா, அம்மம்மா சேஸ் யுவர் டீ இஸ் ரெடி" என்று.

இரண்டு வருடத்துக்கு முன் இந்த நாட்டிலும், ஆதிக்குடிகளுக்குப் பாராளுமன்றத்தில் ஒரு குரல் வேண்டுமா என்று, ஓம், இல்லை கேள்வி ஒன்று கேட்டார்களே, அன்று இரண்டு பேரையும் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாக்குப் போட வருகிறவர்களுக்குச் சொசேஜ் வாட்டும் புகை வாசல்வரை வந்தது. திரும்பி வரும்போது காரின் பின் இருக்கையிலிருந்து அம்மா, "அப்பாட்டைக் கேள், என்ன போட்டவர் எண்டு," என்றாள். அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தாள், தோள் முட்டும் தூரம். நான் கண்ணாடியில் அப்பாவைப் பார்த்துக் கேட்டேன்.

"ஒண்டும் எழுதேல்லை பிள்ளை. மடிச்சுப்போட்டு வந்திட்டன். இஞ்ச வந்த நாளிலயிருந்து அப்பிடித்தான்."

அம்மாவுக்கு அதைச் சொல்லத் தேவையிருக்கவில்லை. யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றைக்கு நான் சொல்லியிருக்கலாம். காரை ஓரமாக நிறுத்தி, இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சிக்னல் பச்சையானது, நான் ஓட்டினேன்.

அடுத்த வருடம் அம்மா போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் கடைசி நாளும், "அப்பாவை வீட்டை போய்ச் சாப்பிடச் சொல்லு," என்று என்னிடம்தான் சொன்னாள். அப்பா அவளுடைய காலடியில் நின்றுகொண்டிருந்தார்.

அம்மாவின் முதல் வருட நினைவு, ஆட்டைத்திவசம், எங்கள் வீட்டில்தான். ஐயர் போய், வந்தவர்களும் போனபின் அப்பா சேட்டுக் கையை மடித்துக்கொண்டு கோப்பை கழுவ வந்துவிட்டார். விடமாட்டார், அது தன் தொழில் என்பார். அவர் கழுவிக் கழுவித் தர நான் துடைத்து அடுக்கினேன். அப்போதுதான் சொன்னேன். முன்னறிவிப்பு ஒன்றுமில்லை. அந்தத் தொலைபேசிப் பெண் சொன்னதை, மறக்காமல் வைத்திருந்த பிரெஞ்சு முழுவதையும், வரிசையாகத் தமிழில் சொன்னேன். காத்திருக்க வேண்டாம். இருக்கிறதை இந்தக் கிழமையே அனுப்பட்டும். வந்து சேரும் திகதிதான் கணக்கு. பிறகு அலுமாரியைச் சொன்னேன். கோட்டைச் சொன்னேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் கேட்டதையும் சொன்னேன். முப்பது வருடம் பிந்திய மொழிபெயர்ப்பு, ஒரு சொல் விடவில்லை.

அப்பா குழாயைப் பூட்டினார். கையில் இருந்த தட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன், அழுவார் என்று நினைத்தேன், நீ சின்னப்பிள்ளை என்று சொல்வார் என்றும் கொஞ்சம் ஆசைப்பட்டேன்.

"எனக்குச் சொல்லாட்டிலும் பரவாயில்லை," என்றார். "கொம்மாவுக்கு ஒருக்கால் சொல்லியிருக்கலாமே, பிள்ளை."

தட்டத்தை என் கையில் தந்துவிட்டு, அடுத்ததை எடுத்துக் கழுவத் தொடங்கினார்.